ஒரு வாரம் முழுக்க ஒரே தீவில், ஒரே கேரவனிலா?

கேள்வி: எனக்கு 61 வயது, கணவருக்கு 67. பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். லண்டனில் இருக்கும் மகள் வருகிற ஜூலையில் எங்களை வரச் சொல்லி டிக்கெட் போட்டிருக்கிறாள். முதல் வெளிநாட்டுப் பயணம். அதில் ஒரு வாரம் மெர்சி என்ற சின்னத் தீவில் கேரவன் எடுத்திருக்கிறாளாம். "இவ்வளவு செலவு பண்ணிப் போய், தகர வண்டிக்குள்ள ஒரு வாரம் முடங்கிக் கிடக்கணுமா? அதை கேன்சல் பண்ணிட்டு ஸ்காட்லாந்து பஸ் டூர் போகலாம்" என்று கணவர் கோபப்படுகிறார். கடல் ஏறினால் தீவுக்குப் போகும் ரோடே மூழ்கிவிடுமாம், அதுவும் பயமாக இருக்கிறது. மகளிடம் சொன்னால், "போன தடவை நான் பெங்களூர் வந்தப்போ நாம உட்கார்ந்து பேசவே இல்லையேம்மா" என்கிறாள். ஆறு வயதுப் பேத்தியும் கூட வருகிறாள். நான் யார் பக்கம் பேசுவது?
- ஒரு வாசகி, அல்சூர்

பதில்: அன்புச் சகோதரி, மகள் பக்கம் பேசுங்கள். ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்தத் தகர வண்டி பயத்தைத் தீர்த்துவிடலாம்.

கேரவன் என்றதும் நமக்கு ஷூட்டிங்கில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். இங்கிலாந்தின் கடற்கரைகளில் வார வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் ஓடாத கேரவன்கள். அடியில் சக்கரம் இருக்கும். ஆனால் ஒரே இடத்தில் நிறுத்தி, தண்ணீர், கரண்ட், கழிவுநீர்க் குழாய் எல்லாம் இணைத்திருப்பார்கள். பத்து மீட்டரை ஒட்டிய நீளம், உள்ளே இரண்டு மூன்று படுக்கையறை, வெந்நீர் வரும் குளியலறை, கழிப்பறை, கேஸ் அடுப்பு, முன்பக்கம் பெரிய ஜன்னலை ஒட்டி சோபா. சின்ன வீடு என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கை குடும்பத்தோடு, மெர்சி இருக்கும் அதே எசெக்ஸ் மாவட்டக் கடற்கரையில் ஐந்து நாள் அப்படி ஒன்றில் தங்கியிருக்கிறேன். அறைகள் குறுகல்தான், அதை மறைக்க மாட்டேன். சின்ன அறையில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே பக்கவாட்டில்தான் நகர முடியும். அதனால் பெரிய படுக்கையறை உங்கள் இருவருக்கும் என்று மகளிடம் இப்போதே பேசிக்கொள்ளுங்கள். வாசலில் மூன்று நான்கு படி ஏறித்தான் உள்ளே போக வேண்டியிருக்கும். பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா என்றும் கேட்கச் சொல்லுங்கள். படுக்கை விரிப்பும் துண்டும் சில இடங்களில் நாமேதான் கொண்டுபோக வேண்டும். சுவர் மெல்லியது, ஜூலையிலும் ராத்திரி குளிரும், ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள். மழை வந்தால் ஒவ்வொரு துளியும் கூரையில் விழுவது கேட்கும். முதல் நாள் ராத்திரி எனக்கு அது தொந்தரவாக இருந்தது. மூன்றாம் நாள் மழை வராதா என்று படுத்துக்கொண்டே காத்திருந்தேன்.

அடுத்து அந்த ரோடு. மெர்சி, கோல்செஸ்டர் நகரத்துக்குத் தெற்கே பதினைந்து கிலோமீட்டர் தூரத்துக்குள் இருக்கும் தீவு. லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து கோல்செஸ்டருக்கு ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். தீவுக்குள் நுழைய இருப்பது ஒரே சாலை, பெயர் ஸ்ட்ரூட். அதற்கு அடியில் கிடைத்த ஓக் மரத் தூண்களை ஆராய்ந்து, கி.பி. 700-ஐ ஒட்டிய காலத்தவை என்று கண்டிருக்கிறார்கள். நம் பக்கம் பல்லவர்கள் கோயில் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. அத்தனை காலமாக மனிதர்கள் கடலின் நேரம் பார்த்து அந்த வழியாகப் போய் வருகிறார்கள்.

கடல் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறி இறங்கும். எல்லா ஏற்றத்துக்கும் ரோடு மூழ்காது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, குறிப்பாக அதற்கு அடுத்த ஓரிரு நாளில், ஏற்றம் பெரிதாக இருக்கும். அப்போதுதான் தண்ணீர் சாலை மேல் ஏறிவிடும், கொஞ்ச நேரத்தில் தானாக வடிந்துவிடும். அந்தக் கடற்கரையில் பெரிய ஏற்றம் பெரும்பாலும் நண்பகலை ஒட்டியும் நள்ளிரவை ஒட்டியும் வரும். மறுநாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளி வரும். நேரம் முன்கூட்டியே அட்டவணையாகக் கிடைக்கிறது. இப்படி மூழ்குவது ரோடுதான், அதற்காகத் தீவுக்குள் இருப்பவர்கள் பயப்பட வேண்டியதில்லை. கொஞ்சம் தண்ணீர்தானே என்று காரை உள்ளே விடுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். மருமகனிடம் இதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்: தண்ணீர் தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும், வடியும்வரை காத்திருக்க வேண்டும். அதேபோல, கடல் வாங்கியிருக்கும்போது தெரியும் சேற்றுப் பரப்பில் பேத்தியை நடக்க விடாதீர்கள், கால் புதையும்.

தீவில் பார்க்க என்ன இருக்கிறது? மேற்கு மெர்சியில் படகுத்துறையும், வரிசையாக வண்ணம் பூசிய மரக் குடில்களும், சிப்பி விற்கும் கொட்டகைகளும் இருக்கின்றன. இந்தப் பக்கத்துச் சிப்பி ரோமானியர் காலத்திலிருந்தே பேர் போனது. கிழக்குப் பக்கம் வயல்களும், கட்மோர் குரோவ் என்ற கடலோரப் பூங்காவும். பூங்காவை ஒட்டி செங்குத்தான சின்ன மண் மேடுகள் உண்டு. கடல் அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டே இருக்கிறது. சுமார் 3 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த குரங்கு, கரடி போன்றவற்றின் எலும்புகள் அங்கே கிடைத்திருக்கின்றன. பேத்திக்குச் சொல்லக் கதை ஆயிற்று. தீவின் கிழக்கு முனையிலிருந்து கோடைக்காலத்தில் எதிர்க்கரைக்கு ஒரு சின்னப் படகு போய் வரும். அவ்வளவுதான், ஒன்றரை நாளில் எல்லாம் பார்த்து முடித்துவிடலாம்.

மிச்சமிருக்கிற ஐந்தரை நாளுக்காகத்தான் நான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

ஜூலையில் அங்கே ராத்திரி ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, படியில் வந்து உட்கார்ந்தால் இன்னும் மாலை வெயில் அடித்துக்கொண்டிருக்கும். நாங்கள் தங்கிய இடத்துக்கு எதிரே ஒரு உப்பங்கழி. காய்ந்து கிடந்த வாய்க்காலுக்குள் முதலில் நூல் மாதிரி தண்ணீர் வரும். சேற்றில் சாய்ந்து கிடக்கும் படகு மெல்ல அசையும், பிறகு நிமிரும், கடைசியில் மிதக்கும். இதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். காற்றில் கயிறுகள் பாய்மரக் கம்பத்தில் டிக் டிக் என்று தட்டிக்கொண்டே இருக்கும். அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் என் தங்கை, தான் வேலையை விட்ட காரணத்தை என்னிடம் சொன்னாள். விட்டு நான்கு வருடம் ஆகியிருந்தது. போனில் வாரம் தவறாமல் பேசிக்கொண்டிருந்தோம். ஆனாலும் அதுவரை சொன்னதில்லை.

உங்கள் மகள் சொன்ன வரியை நீங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அதை மூன்று தடவை படித்தேன். பெங்களூர் வந்தால் அவள் நேரம் கல்யாணம், கோயில், சொந்தக்காரர் வீடு, டிராஃபிக் என்றே போயிருக்கும். உங்களுக்கும் சமையலறையை விட்டு வர முடிந்திருக்காது. பஸ் டூர் போனாலும் அதே ஓட்டம்தான், காலை ஏழு மணிக்குப் பெட்டியோடு கீழே நிற்க வேண்டும். சும்மா இருக்க ஒரு வாரம் வேண்டும் என்று மகள் கேட்கிறாள். அதைக் கொடுங்கள். அவளுக்கு ஏதோ கஷ்டம் என்று இப்போதே மனசைக் குழப்பிக்கொள்ளவும் வேண்டாம், போன உடனே துருவிக் கேட்கவும் வேண்டாம்.

சமையலை மட்டும் குறையுங்கள், இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். கேரவன் சமையலறை கையகலம்தான். மிளகாய் கிள்ளிப் போட்டுத் தாளித்தால் தலைக்கு மேலே இருக்கும் புகை அலாரம் அலறும், எங்களுக்கு அது இரண்டு தடவை ஆயிற்று. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், வற்றல், காபிப் பொடி, ஒரு சின்ன ஃபில்டர் போதும். நெய், பால் கோவா, நெய் மைசூர்பாக் எடுத்துப் போகாதீர்கள். இந்தியாவிலிருந்து பால் பொருள் கொண்டுவர அந்த நாட்டில் அனுமதி இல்லை. பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். நெய், அரிசி, பருப்பெல்லாம் லண்டனிலேயே மகள் வாங்கிவிடுவாள். கணவரின் மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள், பயணக் காப்பீடும் எடுத்துவிடுங்கள்.

இனி அவர் விஷயம். அவர் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. முதல் தடவையாக அவ்வளவு தூரம் போகிறவருக்கு நாலு இடம் பார்க்க வேண்டும் என்று இருக்காதா? ஸ்காட்லாந்தை விட்டுவிட வேண்டாம். லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு நேர் ரயிலில் நாலரை மணி நேரம்தான். தீவிலிருந்து திரும்பிய பிறகு நீங்கள் இருவர் மட்டும் மூன்று நாள் போய் வரலாம். தீவில் மழை பிடித்துக்கொண்டால் கோல்செஸ்டர் கோட்டைக்கு அழைத்துப் போங்கள். ரோமானியர் கட்டிய கோயிலின் அஸ்திவாரத்தின் மேல், பிரான்ஸிலிருந்து வந்த நார்மன்கள் எழுப்பிய கோட்டை, பாதி நாள் போவதே தெரியாது.

தீவில் அவருக்கென்று ஒரு வேலையும் இருக்கட்டும். எப்போது ரோடு மூழ்கும், எப்போது கடைக்குப் போய் வரலாம், பேத்தி தூண்டில் கயிறும் வாளியுமாக நண்டு பிடிக்க எந்த நேரம் தோது என்று கணக்குப் பார்ப்பது அவர் பொறுப்பு. மேற்கு மெர்சியில் பிள்ளைகள் எல்லோரும் நண்டு பிடித்து, எண்ணிப் பார்த்து, திரும்பக் கடலிலேயே விட்டுவிடுவார்கள். வாளியைத் தாத்தாதான் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

இன்றைக்கே உங்கள் வீட்டுக் காலண்டரை எடுத்து அவர் கையில் கொடுங்கள். அந்த வாரத்தில் அமாவாசையோ பௌர்ணமியோ வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வந்தால், எந்த நேரத்தில் தீவுக்குள் நுழையப் போகிறோம் என்று மகளுக்கு அவரே போன் போட்டுக் கேட்கட்டும்.