வாசகர் கேள்விகள்: தொலைபேசியில் குரல்

கேள்வி: நேரில் நன்றாகப் புரியும் குரல், போனில் மட்டும் குழப்புகிறதே? பெயரைச் சொன்னால் எழுத்து மாறிப்போகிறது.

பதில்: குற்றம் உங்கள் காதில் இல்லை. கம்பியில் செல்வது ஒலி அல்ல, ஒலிக்கேற்ப ஏறி இறங்கும் மின்சாரம். அதிலும் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு இத்தனை அதிர்வுகள்) வரையான பகுதியைத்தான் வழக்கமான இணைப்பு கடத்துகிறது. தொலைபேசி நிலையத்தில் அதை விநாடிக்கு 8000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட் (0 அல்லது 1) எண்ணாக்கி, விநாடிக்கு 64,000 பிட்டுகளாக அனுப்புகிறார்கள். 'ஸ', 'ஃப' இரண்டையும் பிரித்துக் காட்டும் சீறல் பெரும்பாலும் 3400-க்கு மேலே இருப்பதால் வெட்டுப்பட்டுவிடும். ஆண்குரலின் அடித்தள அதிர்வும் 300-க்குக் கீழேதான். ஆனால் அதன் இருமடங்கு, மும்மடங்கு போன்ற அதிர்வுகள் வந்து சேர்வதால் மூளை அதை ஊகித்துக்கொள்கிறது. சீறலுக்கு அப்படி ஊகிக்க வழியில்லை. 'எச்டி வாய்ஸ்' இணைப்பில் 50 முதல் 7000 ஹெர்ட்ஸ் வரை கிடைக்கும். இரு முனைப் போன்களும் இடையிலுள்ள வலையமைப்பும் அதை ஏற்க வேண்டும். ஒன்று ஏற்காவிட்டாலும் பழைய குறுகிய அலைவரிசைதான்.

கேள்வி: கரண்ட் போனாலும் லேண்ட்லைன் எப்படி வேலை செய்கிறது?

பதில்: நிலையத்து பேட்டரிகள் 48 வோல்ட்டை அதே செம்புக் கம்பியில் அனுப்புகின்றன. ரிசீவரை எடுத்ததும் சுற்று மூடி மின்சாரம் ஓடும். அதைக் கண்டுதான் டயல் டோன் வருகிறது. கார்ட்லெஸ் போனுக்கும் ஃபைபர் இணைப்புக்கும் இது பொருந்தாது. அவற்றின் கருவிகளுக்கு வீட்டு மின்சாரம் வேண்டும்.

கேள்வி: மழை பெய்தால் கரகரவென்று இரைச்சல்.

பதில்: ஏதோ ஓர் இணைப்பில் ஈரம் இறங்கியிருக்கிறது. லைனின் இரண்டு கம்பிகளும் சமமாக இருக்கும்வரை, வெளியிலிருந்து ஏறும் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவாக ஏறி ஒன்றையொன்று அடித்துவிடும். ஒரு கம்பி மட்டும் தரைக்குக் கசிந்தால் அந்தச் சமநிலை போய்விடும். முதலில் வீட்டு உள்வயரிங்கைக் கழற்றிவிட்டு, லைன் நுழையும் இடத்தில் நேரடியாக ஒரு சாதாரண போனைப் பொருத்துங்கள். ஓர் எண்ணை அழுத்தி டயல் டோனை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். இரைச்சல் நீடித்தால் கோளாறு வெளியில், நின்றுவிட்டால் உள்வயரிங்கில். பச்சை பூத்த செம்பை முறுக்கி டேப் சுற்றுவது வீண்வேலை, அடுத்த மழையில் மீண்டும் வரும். பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டி, ஜெல் நிரப்பிய கனெக்டரில் அழுத்துங்கள். இடி மின்னல் நேரத்தில் கம்பியைத் தொட வேண்டாம். மணியடிக்க வரும் மின்சாரமும் 75 வோல்ட்டைத் தாண்டும். விரலில் பட்டால் சுள்ளென்று அடிக்கும்.