எதை வாங்குவது, வாங்கியது ஏன் துப்புகிறது: ஏர்பிரஷ் கேள்வி-பதில்

ஸ்கேல் மாடல் (நிஜ விமானம், டாங்கி போன்றவற்றின் சின்ன பிளாஸ்டிக் உருவம்) கட்டுகிறவர்களிடமிருந்து, காற்றழுத்தத்தில் பெயின்டைத் தெளிக்கும் ஏர்பிரஷ் பற்றிய கேள்விகள் கொஞ்சம் சேர்ந்துவிட்டன. பாதிப் பேர் எதை வாங்குவது என்று கேட்கிறார்கள், மீதிப் பேர் வாங்கியது ஏன் பெயின்டைத் துப்புகிறது என்று. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன்.

இதுவரை ஸ்ப்ரே கேனும் தூரிகையும்தான். முதல் ஏர்பிரஷ் வாங்கப் போகிறேன். சிங்கிள் ஆக்‌ஷனில் பழகிவிட்டு டபுள் ஆக்‌ஷனுக்குப் போவதா? பெரும்பாலும் 1/72 விமானங்கள், எப்போதாவது ஒரு டாங்கி.

வேண்டாம், நேராக டபுள் ஆக்‌ஷனுக்கே போங்கள். சிங்கிள் ஆக்‌ஷனில் பொத்தானை அழுத்தினால் காற்றும் பெயின்டும் சேர்ந்தே வரும், எவ்வளவு பெயின்ட் என்பதை முன்கூட்டியே திருகி வைத்துக்கொள்ள வேண்டும். டபுள் ஆக்‌ஷனில் கீழே அழுத்தினால் காற்று, அப்படியே பின்னால் இழுத்தால் பெயின்ட், இழுக்க இழுக்க அதிகம். சைக்கிள் பழகுகிற மாதிரிதான், முதல் சில நாள் விரல் தடுமாறும், அப்புறம் அதை நினைக்கக்கூட மாட்டீர்கள். பழைய செய்தித்தாளில் இங்க் கரைத்த தண்ணீரை அடித்துப் பழகுங்கள். தொடங்கும்போது முதலில் காற்று, பிறகு பெயின்ட். முடிக்கும்போது முதலில் பெயின்டை நிறுத்திவிட்டுக் கடைசியில் காற்றை விடுங்கள். இதை மாற்றிச் செய்கிறவர்களுக்குத்தான் ஒவ்வொரு கோட்டின் முனையிலும் ஒரு பொட்டு விழுகிறது, பழியோ ஏர்பிரஷ் மேல்.

கப் மேலே இருக்கிற வகையாக வாங்குங்கள். கீழே பாட்டில் தொங்கும் வகை டி-ஷர்ட், பெரிய பலகை போன்ற வேலைக்குச் சரி. பெயின்டைக் கீழிருந்து உறிஞ்ச அதற்கு அதிக அழுத்தம் வேண்டும், உங்கள் வேலைக்கோ சில சொட்டுகளே போதும். நாசில், அதாவது பெயின்ட் வெளியே வரும் முனை, 0.3 மி.மீ. அல்லது 0.35. மிஸ்டர் ஹாபியின் பிஎஸ்-289, இவாட்டாவின் எக்லிப்ஸ் ஹெச்பி-சிஎஸ், ஹார்டர் & ஸ்டீன்பெக்கின் எவல்யூஷன் மூன்றில் எது நியாயமான விலையில் கிடைத்தாலும் யோசிக்காதீர்கள். எவல்யூஷன் 0.2, 0.4 இரண்டு நாசிலோடும் ஒரே பெட்டியில் வருவது உண்டு, அது நல்ல பேரம்.

ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் 109-இன் பக்கவாட்டில் வரும் மங்கலான புள்ளிகளுக்கு 0.2 நாசில் இல்லாமல் முடியாது என்கிறார்களே?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1/72-இல் ஒரு மி.மீ. என்பது நிஜத்தில் 7.2 செ.மீ. நிஜ விமானத்தில் ஒரு சாண் அகலத்துக்கு இருக்கும் புள்ளி உங்கள் மாடலில் மூன்று மி.மீ. சொச்சம் வரும். அதை 0.3 நாசில் தாராளமாகப் போடும். நாசிலின் எண் அதன் துளையின் அளவுதான், கோட்டின் அகலம் அல்ல. கோடு மெலிவது பெயின்ட் எவ்வளவு நீர்த்திருக்கிறது, அழுத்தம் எவ்வளவு, எவ்வளவு கிட்டப் போகிறீர்கள் என்ற மூன்றையும் பொறுத்தது. புள்ளி போடும்போது வழக்கத்தைவிட நன்றாக நீர்த்து, அழுத்தத்தைப் பத்துப் பன்னிரண்டு பிஎஸ்ஐக்கு இறக்கி, முனைக்கும் மாடலுக்கும் ஒரு விரற்கடை இடைவெளியில் அடியுங்கள். பெயின்டைக் கெட்டியாக வைத்துக்கொண்டு அழுத்தத்தை மட்டும் குறைத்தால் துப்பத்தான் செய்யும்.

0.2-இல் பிரைமரும் (அடிப்பூச்சு) மெட்டாலிக் பெயின்டும் சீக்கிரம் அடைக்கும், முனையும் விரைவில் காயும். இரண்டாவது ஏர்பிரஷ்ஷாக வாங்கினால் சந்தோஷம்.

கம்ப்ரஸர் விலையைப் பார்த்தால் ஏர்பிரஷ்ஷைவிட அதிகமாக இருக்கிறது. காருக்குக் காற்றடிக்கும் சின்ன 12 வோல்ட் பம்பை வைத்து ஒப்பேற்றலாமா?

இந்தக் கேள்வி மட்டும் நாலு பேரிடமிருந்து வந்திருக்கிறது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஒப்பேற்ற முடியாது. அந்தப் பம்ப் சில நிமிடம் ஓடி டயரை நிரப்பிவிட்டு ஓய்வெடுப்பதற்காகச் செய்தது, அரை மணி நேரம் விடாமல் ஓட்டினால் கையை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். அதைவிடப் பெரிய சிக்கல் காற்று விட்டு விட்டு வருவது. பிஸ்டனின் ஒவ்வொரு துடிப்பும் ஹோஸ் வழியாக வந்து மெல்லிய கோட்டில் தெரியும். டாங்க் இருக்கிற கம்ப்ரஸரில் இந்தத் துடிப்பு டாங்கிலேயே அடங்கிவிடும், மோட்டாரும் ஓய்வெடுத்து ஓய்வெடுத்து ஓடும். ஏஎஸ்-186 என்ற எண்ணில் பல பெயர்களில் விற்கும் மூன்று லிட்டர் டாங்க் வகை, அழுத்தம் 3 பார் அளவுக்கு இறங்கினால் தானே ஓடும், 4 பார் ஆனதும் நிற்கும். ஒருவருக்கு அது போதும். காசு குறைவாக இருந்தால் ஏர்பிரஷ்ஷில் குறைத்துக்கொள்ளுங்கள், கம்ப்ரஸரில் குறைக்காதீர்கள். ஏர்பிரஷ்ஷைப் பிறகு மாற்றலாம், துடிக்கும் காற்றை வைத்துக்கொண்டு எந்த ஜப்பான்காரன் செய்த ஏர்பிரஷ்ஷும் ஒன்றும் செய்ய முடியாது.

மெக்கானிக் ஷெட்டில் இருக்கும் 25 லிட்டர் கம்ப்ரஸர் கிடைத்தால் அதுவும் சரிதான், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் காலிஞ்சு அரைக்காலிஞ்சு அடாப்டரும் போட வேண்டும். சத்தம்தான் பிரச்சினை, இரவு பத்து மணிக்கு மேல் ஓட்டினால் பக்கத்து வீட்டில் பேச்சு நின்றுவிடும். பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரஸரை வைத்துச் சொந்தமாகச் செய்கிறவர்கள் உண்டு, சத்தமே இருக்காது. ஆனால் சேஃப்டி வால்வ் இல்லாமல் கையில் கிடைத்த சிலிண்டரை டாங்காக்கும் வேலை வேண்டவே வேண்டாம். ஒரு காலத்தில் கார் ஸ்டெப்னியில் காற்றடைத்து அதிலிருந்தே அடித்தவர்களும் இருந்தார்கள், ஒரு ஜீப்புக்கு பெயின்ட் அடிப்பதற்குள் டயர் தொய்ந்துவிடும், ஆனால் காற்று துடிக்காது!

ஈரம் பிடிக்கும் கிண்ணம், அதாவது மாய்ஸ்ச்சர் டிராப், கட்டாயம். சென்னை, கொழும்பு மாதிரிக் கடலோர ஊரில் காற்றை அழுத்தினால் தண்ணீர் பிரியாமல் இருக்காது, அது ஹோஸ் வழியாக வந்து இறக்கையின் நடுவில் ஒரு சொட்டாக விழும். ஒவ்வொரு முறை முடித்ததும் டாங்கின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். அழுத்தத்தைப் பார்க்கும்போது பொத்தானை அழுத்திக்கொண்டே மீட்டரைப் பாருங்கள். அழுத்தாதபோது 20 பிஎஸ்ஐ காட்டுவது அழுத்தினால் இறங்கும், நமக்கு வேண்டியது அந்த இறங்கிய எண்.

கைப்பிடியிலேயே பேட்டரியும் சின்ன பம்பும் வைத்து வருகிறதே, அது?

பிரைமர் அடிக்க, ஒரே நிறம் அடிக்கச் சரி. அழுத்தத்தை நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்க பெரும்பாலானவற்றில் வழியில்லை, கையில் கனமாகவும் இருக்கும். இடமே இல்லாத ஹாஸ்டல் அறை என்றால் வாங்குங்கள்.

பொத்தானை அழுத்தினால் கப்பில் குமிழி வருகிறது. புது ஏர்பிரஷ். திருப்பி அனுப்பட்டுமா?

அவசரப்படாதீர்கள். முன்னால் போக வேண்டிய காற்று நாசில் வழியாகப் பின்னால் கப்புக்கு ஏறுகிறது, அவ்வளவுதான். நாசில் சரியாக உட்காரவில்லை, அல்லது முனையில் பெயின்ட் காய்ந்து அடைத்திருக்கிறது, அல்லது நாசிலில் கீறல். முதலிரண்டும் கழற்றித் துடைத்து மாட்டினால் சரியாகும், கீறல் என்றால் புது நாசில்தான்.

மாட்டும்போது ஸ்பேனரை மட்டும் நம்பாதீர்கள். திருகு மரை உள்ள சின்ன நாசில் அரிசிமணியை விடச் சின்னது, பித்தளை. நான் முதல் வருடம் 'இன்னும் கொஞ்சம் இறுக்கினால் கசியாது' என்று முறுக்கியதில் அதன் மரை உடலுக்குள்ளேயே முறிந்து நின்றுவிட்டது. வெளியே எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. விரலால் இறுகும் வரை, அதற்கு மேல் ஸ்பேனரால் ஒரு நூலளவு. அதனால்தான் முதல் முறை வாங்குகிறவர்களுக்கு மரை இல்லாமல் வெறுமனே உட்காரும் நாசிலைச் சொல்கிறேன், மேலே சொன்ன எக்லிப்ஸும் எவல்யூஷனும் அந்த வகை.

வயெஹோ பெயின்ட் அடித்தால் ரெண்டு நிமிடத்தில் முனை காய்ந்துவிடுகிறது. டமியாவில் இந்தத் தொல்லை இல்லை. ஏர்பிரஷ்ஷில் கோளாறா?

இல்லை. இரண்டையும் அக்ரிலிக் என்றுதான் சொல்கிறோம், குணம் வேறு. வயெஹோ தண்ணீரில் கரைவது, காயும்போது ரப்பர் மாதிரிப் படலம் கட்டும். டமியா பெயின்டில் ஆல்கஹால் இருக்கிறது, அதன் எக்ஸ்-20ஏ தின்னரிலும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலிலும் நன்றாகக் கரையும். அதே ஆல்கஹாலை வயெஹோவில் ஊற்றினால் கப்புக்குள்ளேயே திரிந்து கட்டி தட்டிவிடும், ஒரு முறை செய்தால் ஜன்மத்துக்கும் மறக்காது. வயெஹோவுக்கு அவர்களுடைய தின்னரோடு காய்வதைத் தாமதமாக்கும் ரிடார்டர் ரெண்டு சொட்டும் சேர்த்து, மின்விசிறியை நிறுத்துங்கள். தலைக்கு மேல் ஃபேன் முழு வேகத்தில் ஓட அடித்தால் எந்தப் பெயின்டும் காயும். அவ்வப்போது தின்னரில் நனைத்த காட்டன் பட்ஸால் நாசிலுக்குள் இருக்கும் ஊசியின் முனையைத் துடையுங்கள்.

நீர்ப்பது எவ்வளவு என்றும் கேட்டிருக்கிறீர்கள். டமியாவுக்கு ஒன்றுக்கு ஒன்று, நுணுக்க வேலைக்கு ஒன்றுக்கு இரண்டு. விகிதத்தைவிடப் பதம் முக்கியம்: கப்பின் சுவரில் தீற்றினால் பால் வழிகிற மாதிரி வழிந்து, பின்னால் ஒரு மெல்லிய படலம் தங்க வேண்டும். அதைவிடக் கெட்டியாக இருந்தால் இன்னும் தின்னர்.

விலை குறைந்த பெயரில்லாத டபுள் ஆக்‌ஷன் மோசமா?

மோசமில்லை, பலரும் அதில்தான் பழகினார்கள். அதில் சிக்கல் ஊசி வளைந்தாலோ நாசில் போனாலோ அதற்குப் பொருந்தும் மாற்று கிடைக்குமா என்பது. வாங்கும்போதே நாசில், ஊசி ரெண்டு செட் கூடவே வாங்கிவிடுங்கள், இல்லையென்றால் மொத்தமாகத் தூக்கிப் போட வேண்டிவரும்.

அடுக்குமாடி வீடு, பால்கனியில் அடிக்கிறேன். கோவிட் காலத்து என்95 போதுமா?

பெயின்ட் தூளை அது தடுக்கும், தின்னர் ஆவியைத் தடுக்காது. லாக்கர் (கடுமையான தின்னரில் கரையும் பெயின்ட்) அடித்தால், ஆவியை உறிஞ்சும் ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் போட்ட முகமூடி வேண்டும், வாசனை உள்ளே வரத் தொடங்கினால் கார்ட்ரிட்ஜை மாற்றுங்கள். மழை நாளில் பால்கனியில் லாக்கர் கிளியர் அடிக்காதீர்கள், ஈரத்தில் பால் ஊற்றிய மாதிரி வெளுத்துவிடும்.

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் என்சி தின்னரால் கழுவலாமா? மாடல் தின்னர் கட்டுப்படியாகவில்லை.

கழுவலாம், நானும் அதில்தான் கழுவுகிறேன். மூன்று விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். அதை வைத்துப் பெயின்ட் நீர்க்காதீர்கள், மாடலின் பிளாஸ்டிக்கை அரிக்கும். ஏர்பிரஷ்ஷை முழுதாக அதில் ஊறப் போடாதீர்கள், உள்ளே ரப்பர் ஓ-ரிங் இருந்தால் உப்பிவிடும். ஊசியையும் நாசிலையும் கழற்றி அவற்றை மட்டும் ஊற வையுங்கள். அப்புறம், நாசிலை எடுத்துக்கொண்டு வாஷ்பேசின் பக்கமே போகாதீர்கள், ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் வைத்துக் கழுவுங்கள்.