‘சாம்பார் ஒழிக்கட்டே?’ என்று கேட்டால் என்ன சொல்வது

கேள்வி: நான் செங்கோட்டைக்காரன். நாலு மாதமாகப் புனலூரில் ஒரு பர்னிச்சர் கடையில் கணக்கு எழுதுகிறேன். மலையாளம் எழுத்துக்கூட்டிப் படிப்பேன், பேசினால் பாதி புரியும். ஆனால் ஹோட்டலில் போய் உட்கார்ந்தால் வாய் வரமாட்டேன் என்கிறது. யோசித்து வைத்ததைச் சொல்லிவிடுவேன், அவர் பதிலுக்கு வேகமாக ஏதோ கேட்பார், நான் முழிப்பேன், உடனே அவர் தமிழுக்கு மாறிவிடுவார். தினமும் இதே கதைதான். கூச்சமில்லாமல் பேசிச் சாப்பிட என்ன வழி?

பதில்: ‘அவர் ஏதோ கேட்பார், நான் முழிப்பேன்’ என்று எழுதியிருக்கிறீர்களே தம்பி, எல்லாரும் விழுகிற இடம் அதுதான். களியக்காவிளைப் பக்கம் பதினைந்து வருஷமாக, கேரளாவுக்கு வேலைக்குப் போகிற நம் பிள்ளைகளுக்குப் பேச்சு மலையாளம் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் ‘எனக்கு ஒரு சாப்பாடு வேணும்’ என்பதை எப்படிச் சொல்வது என்றுதான் முதலில் கேட்பார்கள். ‘சேட்டா, ஒரு ஊணு’ என்றால் முடிந்தது, அதற்கு வகுப்பே தேவையில்லை. அதற்கப்புறம் பரிமாறுகிறவர் கேட்கிற ஐந்தாறு கேள்விகள் இருக்கின்றனவே, அவற்றுக்குத்தான் நான் சம்பளமே வாங்குகிறேன்.

நல்ல செய்தி என்னவென்றால், அந்தக் கேள்விகள் எல்லா ஹோட்டலிலும் ஏறக்குறைய ஒன்றேதான். மத்தியானம் ஊணுக்குப் போய் உட்காருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் ‘எந்தா வேண்டது?’ என்ன வேண்டும் என்கிறார். ஊணு என்றதும், ‘குத்தரியோ வெள்ளயோ?’ சிவப்பாகப் பருத்திருக்கிற குத்தரிச் சோறா, நம் ஊர் மாதிரி வெள்ளைச் சோறா என்று கேட்கிறார். ஒன்றைச் சொல்லுங்கள். (குத்தரி பழக ஒரு வாரம் ஆகும், பழகிவிட்டால் மீன்கறிக்கு வெள்ளைச் சோறு ருசிக்காது.) அடுத்து ‘ஸ்பெஷல் எந்தெங்கிலும் வேணோ?’ என்று வரும், இதில் கவனம். நம் ஊரில் ஸ்பெஷல் சாப்பாடு என்றால் கூடுதலாக ஒரு இனிப்பு, ஒரு கூட்டு வைத்த சாப்பாடு. அங்கே ஸ்பெஷல் என்பது ஊணோடு சேராமல் தனியாகக் காசு கொடுத்து வாங்குகிற மீன் வறுத்தது, பீஃப் ஃப்ரை போன்றவை. தலையாட்டிவிட்டு, பில் வந்ததும் முகம் சுருங்கியவர்கள் என் வகுப்பிலேயே நிறையப் பேர். ‘மீன் வறுத்தது எத்ரயா?’ என்று விலையை முதலிலேயே கேட்டுவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

அப்புறம்தான் அந்தப் பிரசித்தி பெற்ற கேள்வி. முப்பது வருஷத்துக்கு முன்னால், நெய்யாற்றின்கரையில் ஒரு ஹோட்டலில் முதல்தடவை இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். வாளியும் கரண்டியுமாக ஒருவர் வந்து நின்று, ‘சாம்பார் ஒழிக்கட்டே?’ என்றார். சாம்பார் மேல் இவருக்கு என்ன கோபம், சாம்பார் ஒழிக என்று கோஷம் போடுகிறாரே என்று நான் பார்த்துக்கொண்டே இருக்க, அவரும் பார்த்துக்கொண்டே இருக்க, பக்கத்து இலைக்காரர்தான் எனக்காக ‘ஒழிச்சோளூ’ என்றார். மலையாளத்தில் ஒழிக்குக என்றால் ஊற்றுவது. ஊற்றிச் சாப்பிடுகிற குழம்பு வகைகளுக்கே அங்கே ஒழிச்சுகறி என்றுதான் பெயர்.

உங்களுக்குள்ள சிக்கல் இதுதான் என்பது என் கணிப்பு. வடநாட்டிலிருந்து வருகிறவருக்கு மலையாளத்தில் எல்லாமே தெரியாத சொல், ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்கிறார். நமக்கு எல்லாமே தெரிந்த சொல், ஆனால் பொருள் வேறு. அதனால் காது ஒரு நொடி தடுக்கி நின்றுவிடுகிறது, அந்த ஒரு நொடிக்குள் அவர் தமிழுக்கு மாறிவிடுகிறார். கழிக்குக என்றால் சாப்பிடுவது, வெள்ளம் என்றால் தண்ணீர், இவை உங்களுக்கே தெரிந்திருக்கும். மதி என்றால் போதும். கை கழுவ வேண்டும் என்பதற்குக் ‘கை கழுகணம்’ என்பார்கள், கழுகு எங்கே என்று மேலே பார்க்க வேண்டாம். தோசைக்குச் ‘சம்மந்தி வேணோ?’ என்று கேட்டால் சட்னி வேண்டுமா என்று அர்த்தம், சம்பந்தி வீட்டார் யாரும் வரவில்லை. கறி என்றால் இறைச்சி இல்லை, கடலைக் குழம்பும் கறிதான், முட்டைக் குழம்பும் கறிதான். வெறுமனே ‘கறி உண்டோ?’ என்று கேட்டால் எந்தக் கறி என்று அவர் திருப்பிக் கேட்பார். முளகு என்றால் பெரும்பாலும் மிளகாய், நம் மிளகுக்குக் குருமுளகு என்று பெயர். மிளகு தூவி ஆம்லெட் கேட்ட என் மாணவர் ஒருவருக்குப் பச்சைமிளகாய் அரிந்து போட்ட ஆம்லெட் வந்தது, அவரும் மரியாதைக்காக முழுவதையும் சாப்பிட்டார். காரத்துக்கு அங்கே எரிவு. ‘எரிவு குறச்சு மதி’ என்றால் காரம் கொஞ்சமாகப் போதும்.

இதில் ஒரே ஒரு எழுத்தில் ஆளை ஏமாற்றுகிற ஜோடியும் உண்டு. ‘ஊணு கழிச்சோ?’ என்றால் சாப்பிட்டாச்சா. ‘ஊணு கழிஞ்ஞு’ என்றால் சாப்பாடு தீர்ந்துபோனது. மூன்று மணிக்கு மேல் போனால் இரண்டாவதுதான் காதில் விழும். அதைச் சாப்பிட்டீர்களா என்ற விசாரிப்பாக எடுத்துக்கொண்டு ‘இல்லை’ என்று சிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள்.

பதில் சொல்வதிலும் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. நாம் எதற்கெடுத்தாலும் ‘ஆமா’, ‘சரி’ என்று சொல்லிப் பழகியவர்கள். ‘சோறு வேண்டே?’ என்று கேட்பார்கள், அதாவது சோறு வேண்டாமா என்று. அதற்கு ‘ஆமா’ என்றால் வேண்டும் என்றா, வேண்டாம் என்றா? கேள்வியில் இருக்கிற சொல்லையே திருப்பிச் சொல்லுங்கள். வேண்டும் என்றால் வேணம், வேண்டாம் என்றால் வேண்ட. இருக்கிறதா என்று நீங்கள் கேட்பது ‘உண்டோ?’ அவர் சொல்வது உண்டு அல்லது இல்ல. ‘மதியோ?’ என்று கேட்டால் மதி, இல்லாவிட்டால் போரா, நம் போறாது தான். ‘போரா, இச்சிரி சோறு கூடெ’ என்று ஒருநாள் சொல்லிப் பாருங்கள், இன்னும் கொஞ்சம் சோறு என்று கேட்கிறவனைப் பிடிக்காத பரிமாறுகிறவர் எங்கேயும் கிடையாது.

இலக்கணம் அதிகம் வேண்டாம், உங்களுக்குச் சுலபமும்கூட. மலையாள வினைச்சொல்லுக்கு ஆள் விகுதி கிடையாது, ஞானும் கழிச்சு, அவனும் கழிச்சு, அவரும் கழிச்சு. வாலை வெட்டினால் போதும். ஆனால் ஓரிடத்தில் மட்டும் நம்மவர்கள் எல்லாரும் தப்பு செய்கிறார்கள். ‘எனிக்கு ஒரு க்ளாஸ் வெள்ளம் கொடுக்கூ’ என்கிறார்கள். புரியும், ஆனால் தமிழன் என்று அந்த நொடியே தெரிந்துவிடும். எனக்கும் உனக்கும் என்றால் தருக, மூன்றாவது ஆளுக்கு என்றால்தான் கொடுக்குக. ‘ஒரு க்ளாஸ் வெள்ளம் தருமோ?’ என்று உங்களுக்குக் கேளுங்கள், கூட வந்த நண்பனுக்கு என்றால் ‘அவனு ஒரு சாய கொடுக்கூ’. வேடிக்கை என்னவென்றால் இது தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் இருக்கிற விதி. தருதலும் வருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும், கொடுத்தலும் செல்லுதலும் படர்க்கைக்கும் என்று நம் ஆள்தான் எழுதி வைத்தார். நாம் பேச்சில் விட்டுவிட்டோம், மலையாளி டீக்கடையில் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்.

தண்ணீர் கேட்டால் ‘சூடுவெள்ளமோ பச்சவெள்ளமோ?’ என்று வரும், பச்சவெள்ளம் நம் பச்சைத்தண்ணீர். ரோஜா நிறத்தில் சுடச்சுட ஜக்கில் இருப்பது பதிமுகக் கட்டை போட்டுக் கொதிக்கவைத்த குடிதண்ணீர். கை கழுவ இல்லை.

கூப்பிடுவதைச் சொல்லிவிடுகிறேன். ஆணைச் சேட்டா, பெண்ணைச் சேச்சி. கொல்லம், திருவனந்தபுரம் பக்கம் ‘அண்ணா’ என்றும் சொல்வார்கள், ஆனால் நீங்கள் சொன்னால் அடுத்த வார்த்தை தமிழில்தான் வரும், அதனால் இப்போதைக்குச் சேட்டாவே இருக்கட்டும். மரியாதை என்று நினைத்து ‘நிங்ஙள்’ போடுவதுதான் நம்மவர்களின் பெரிய பொறி. நம் ‘நீங்கள்’ அளவுக்குத் தென் கேரளத்தில் அதற்கு மரியாதை இல்லை, வயதில் மூத்தவரிடம் சொன்னால் கொஞ்சம் உறுத்தும். அந்த இடத்தில் முறைப்பெயரையே வைத்துவிடுவார்கள். ‘நீங்க சாப்பிட்டீங்களா’ என்பதற்குச் ‘சேட்டன் கழிச்சோ?’ அவ்வளவுதான்.

இனி அவர் தமிழுக்கு மாறுகிற விஷயம். அதில் அவமானப்பட ஒன்றும் இல்லை, தமிழ்நாட்டு லாரிகளும் சபரிமலைக்குப் போகிற பக்தர்களும் வந்து போகிற பாதையில் கடை வைத்திருப்பவருக்குத் தமிழ் தெரியாமல் இருந்தால்தான் ஆச்சரியம், உங்களுக்கு உதவி செய்வதாகத்தான் நினைக்கிறார். கோபிக்காமல், ‘மலயாளத்தில் பறஞ்ஞா மதி சேட்டா, ஞான் படிக்குவா’ என்று ஒருதடவை சொல்லிவிடுங்கள். மலையாளத்தில் சொன்னால் போதும், நான் கற்றுக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். பத்தில் எட்டுப் பேர் அதற்கப்புறம் வாத்தியாராகவே மாறிவிடுவார்கள். புரியாவிட்டால் ‘மனசிலாயில்ல, ஒந்நூடெ பறயாமோ?’ என்று இன்னொரு தடவை சொல்லச் சொல்லலாம். மெதுவாகப் பேசச் சொல்ல உங்களுக்குப் புதுச் சொல்லே வேண்டாம். நீங்கள் வீட்டில் ‘பைய வா’, ‘பையப் போ’ என்கிறீர்களே, அது அங்கே பய்யெ. ‘பய்யெ பறயாமோ?’ என்றால் போதும். ‘பய்யெ தின்னால் பனயும் தின்னாம்’ என்று அவர்களிடம் பழமொழியே இருக்கிறது, மெதுவாகத் தின்றால் பனைமரத்தையும் தின்றுவிடலாமாம்.

எங்கே பழகுவது என்பதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. மத்தியானம் ஒரு மணிக்கு ஊணுக் கடையில் பழகாதீர்கள், பரிமாறுகிறவருக்கு இருபது இலை காத்திருக்கும், உங்கள் வினைச்சொல்லுக்கு அவர் காத்திருக்க முடியாது. சாயங்காலம் நாலரைக்கு, தினமும் ஒரே சாயக்கடைக்குப் போங்கள். ‘சேட்டா, ஒரு சாய, கடுப்பத்தில்’ என்றால் ஸ்ட்ராங்காக வரும், ‘மதுரம் குறச்சு’ என்றால் சர்க்கரை கம்மி, சர்க்கரையே வேண்டாம் என்றால் ‘விதவுட்’, பால் வேண்டாம் என்றால் ‘கட்டன்’. பிறகு ‘கடி எந்தா உள்ளது?’ கடி என்றால் டீயோடு கடித்துக்கொள்கிற பலகாரம். பழம்பொரி, பரிப்புவட, சுகியன் என்று அவர் வேகமாக அடுக்குவார். அந்தப் பட்டியல்தான் உங்கள் காதுக்குப் பாடம், கண்ணாடிப் பெட்டியில் எல்லாம் கண்ணுக்கு முன்னாலேயே இருப்பதால் பயப்படவும் ஒன்றுமில்லை. கிளம்பும்போது ‘எத்ர ஆயி?’ என்று கேட்டு அவர் சொல்கிற தொகையைக் காதால் பிடியுங்கள், போனில் காட்டுகிற எண்ணைப் பார்க்காதீர்கள். எண்கள் காதில் ஏறினால் பாதிக் கூச்சம் போய்விடும். பத்து நாள் இப்படிப் போனால் அவரே ‘இந்நலெ கண்டில்லல்லோ’, நேற்று ஆளைக் காணோமே என்று கேட்பார். அதற்கு என்ன பதில் சொல்வது என்று மனப்பாடம் செய்யாமல் போங்கள், அங்கிருந்துதான் பேச்சு ஆரம்பம்.

இன்னொன்று, செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர். உங்கள் வீட்டிலோ தெருவிலோ எண்பது வயதைத் தாண்டியவர்கள் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகும்போது ‘ஊணு கழிச்சோ?’ என்று கேட்டுப் பாருங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.