பெருவுக்குப் போகவிருக்கும் குடியாத்தம் சகோதரிக்கு

ஸ்தோத்திரம் சகோதரி. பெருவின் மலைக் கிராமத்துக் கிளினிக்கில் செவிலியராக ஊழியம் செய்ய அழைப்பு வந்திருக்கிறது, மூன்று மாதம் படித்தும் ஸ்பானிஷ் வாயில் வரவில்லை, விலகிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விலகாதீர்கள். நான் ராணிப்பேட்டைக்காரன், பொலிவியாவில் ஆறு ஆண்டுகள் ஊழியம் செய்தவன். முதல் ஆண்டு எனக்கும் இதே கண்ணீர்தான்.

ஆங்கிலத்தின் வழியாகப் படிப்பதுதான் உங்களைக் குழப்புகிறது. தமிழைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். 'மே துவேலே லா கபேசா' என்றால் 'எனக்குத் தலை வலிக்கிறது'. 'மே குஸ்தா' என்றால் 'எனக்குப் பிடிக்கிறது'. இரண்டிலும் 'நான்' இல்லை, நம் மொழியைப் போலவே! 'ஆப்லோ' என்ற ஒரே சொல்லில் 'பேசுகிறேன்' அடங்கிவிடும். பெரியவர்களிடம் 'உஸ்தெத்' என்று பேசுங்கள். அது நம் 'நீங்கள்'. நோயாளியிடம் 'தோந்தே லே துவேலே?' என்று கேளுங்கள், 'உங்களுக்கு எங்கே வலிக்கிறது?' என்று பொருள். ஆங்கிலச் சாயலை நம்பி 'எம்பராசாதா' என்பதை வெட்கம் என்று எண்ணிவிடாதீர்கள், அது கர்ப்பிணியைக் குறிக்கும். கிளினிக்கில் தினமும் காதில் விழும் சொல் இது.

'இரு' என்பதற்கு அங்கே 'செர்', 'எஸ்தார்' என இரண்டு வினைகள். அது பழகப் பழகத்தான் வரும்.

பரமண்டல ஜெபத்தைத் தினமும் ஸ்பானிஷில் உரக்கச் சொல்லுங்கள். நாம் 'உம்முடைய நாமம்' என்கிறோம். அவர்கள் 'உன் நாமம்' என்று ஆண்டவரிடம் உரிமையோடு பேசுகிறார்கள். அதை முதன்முதலில் உணர்ந்த இரவு எனக்கு உறக்கமே வரவில்லை.

மலைக் கிராமங்களில் பாட்டிமார் பலருக்குத் தாய்மொழி கெச்சுவா. போனவுடன் அதில் வணக்கம் சொல்லவாவது கற்றுக்கொள்ளுங்கள்.