முதலுதவிப் பெட்டி யார் கையில் இருக்க வேண்டும்?

வாசகர் கேள்வி – பதில்

வீடுகளுக்குச் சென்று முதியவர்களையும் நோயுற்றவர்களையும் கவனித்துக்கொள்ளும் பணியாளர்களின் முதலுதவி ஏற்பாடுகள் குறித்து வந்த ஐந்து கடிதங்களுக்கு, இப்பணியாளர்களுக்குப் பல ஆண்டுகளாகப் பயிற்சி அளித்துவரும் செவிலியர் ஒருவர் பதில் அளிக்கிறார்.

கேள்வி: நான் நாளொன்றுக்கு மூன்று வீடுகளுக்குச் சென்று பெரியவர்களைப் பார்த்துக்கொள்கிறேன். சென்ற மாதம் ஒரு வீட்டில் கண்ணாடிக் குவளை உடைந்து என் உள்ளங்கை கிழிந்துவிட்டது. கட்டுப்போட அங்கே சுத்தமான துணிகூட இல்லை. என்னை அனுப்பும் நிறுவனமோ, அந்தந்த வீட்டில் இருப்பதைப் பயன்படுத்திக்கொள்ளச் சொல்கிறது. இது யாருடைய பொறுப்பு?

பதில்: உங்களை வேலைக்கு அமர்த்தியவரின் பொறுப்பு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1981ஆம் ஆண்டு 155ஆம் உடன்படிக்கை, விபத்தையும் அவசர நிலையையும் சமாளிக்கும் வழிமுறைகளையும், அவற்றோடு போதிய முதலுதவி ஏற்பாடுகளையும் தேவையான இடங்களில் முதலாளி செய்து தர வேண்டும் என்று தன் 18ஆம் பிரிவில் கூறுகிறது. வீட்டுப் பணியாளர்களுக்கான 2011ஆம் ஆண்டின் 189ஆம் உடன்படிக்கை, பாதுகாப்பான பணிச்சூழலை அவர்களின் உரிமையாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. விவரங்கள் நாட்டுக்கு நாடு மாறும் என்றாலும், பணியாளரின் காயத்துக்குப் பணியாளரே மருந்து தேடிக்கொள்ளட்டும் என்பது எங்கும் ஏற்கத்தக்க பதில் ஆகாது. குடும்பமே உங்களை நேரடியாக அமர்த்தியிருந்தால், அங்கே முதலாளி அந்தக் குடும்பம்தான்.

தொழிற்சாலையில் ஒரு பெட்டியைச் சுவரில் மாட்டிவிட்டால் போதும். உங்களுக்கோ பணியிடம் பிறருடைய வீடு, அதுவும் நாளுக்கு மூன்று. எனவே உங்கள் பெட்டி உங்கள் கைப்பையிலேயே பயணம் செய்ய வேண்டும். அதை நிறுவனம் தர வேண்டும், தீர்ந்ததை நிரப்பவும் வேண்டும். நுண்ணுயிர் நீக்கிய காஸ் துணிகள், காயத்தில் ஒட்டாத கட்டுத்துணி, சுருள் பேண்டேஜ், முக்கோணக் கட்டுத்துணி, பல அளவுப் பிளாஸ்திரிகள், கையுறைகள், முனை மழுங்கிய கத்தரிக்கோல், செயற்கைச் சுவாசத்துக்கான முகத்தடுப்பு ஆகியவை ஒரு சிறு பையில் அடங்கிவிடும். மாத்திரைகளை மட்டும் அதில் வைக்காதீர்கள். பெரியவர் ஏற்கெனவே உட்கொள்ளும் மருந்துகளோடு அவை எப்படி மோதும் என்பதை அவசர வேளையில் யாராலும் யோசிக்க முடியாது.

உள்ளங்கைக் காயத்தின் மீது துணியை வைத்து அழுத்தி, கையை உயர்த்திப் பிடித்து, முழுமையாக 10 நிமிடம் அப்படியே இருங்கள். பயிற்சி வகுப்பில் ஏறக்குறைய எல்லோருமே அரை நிமிடத்துக்கு ஒருமுறை துணியைத் தூக்கி, இரத்தம் நின்றதா என்று பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். அப்படிப் பார்க்கும்போதெல்லாம் உறையத் தொடங்கிய இரத்தம் பிய்ந்து, கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. துணி நனைந்துவிட்டால் அதன் மேலேயே இன்னொன்றை வைத்து மேலும் அழுத்துங்கள். கண்ணாடித் துண்டு ஆழமாகப் பதிந்திருந்தால் அதைப் பிடுங்காமல், இருபுறமும் அழுத்தியபடி மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: குளியலறையில் வழுக்கி விழுந்த என் தந்தையைத் தூக்க முயன்ற பணிப்பெண்ணுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. தந்தைக்கு முழங்கையில் தோல் உரிந்தது, தலையிலும் சிறு வீக்கம். அந்தப் பெண் என்ன செய்திருக்க வேண்டும்?

பதில்: முதலில், தூக்காமல் இருந்திருக்க வேண்டும். உதவும் நோக்கத்தில்தான் தூக்கியிருக்கிறார். அவர்மீது குறை சொல்ல மாட்டேன். ஆனால் விழுந்தவரைத் தனி ஆளாகத் தூக்குவது இருவருக்கும் ஆபத்து என்பதை அவருக்கு யாரேனும் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

விழுந்தவர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பேச்சு தெளிவாக இருக்கிறதா, எங்கே வலிக்கிறது, கைகால்களை அசைக்க முடிகிறதா என்று கேட்க வேண்டும். ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகத் தெரிந்து, பாதம் வெளிப்புறமாகத் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு முறிவாக இருக்கக்கூடும். அவரை நகர்த்தாமல் போர்வை போர்த்தி, ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால், உண்ணவோ பருகவோ எதுவும் தரக்கூடாது. வலியோ காயமோ இல்லை என்றால், அவர் தம் சொந்த பலத்தில் எழுவதற்கு வழிசொல்லலாம்: பக்கவாட்டில் திரும்பி, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, முன்னால் வைத்த உறுதியான நாற்காலியின் இருக்கையைப் பிடித்து, ஒரு பாதத்தை முன்வைத்து எழ வேண்டும். எழும்போதே பின்னால் இன்னொரு நாற்காலியை நகர்த்தி வைப்பதுதான் பணியாளரின் வேலை.

முழங்கையில் உரிந்த தோலை வெட்டி எறியக்கூடாது. சுத்தமான நீரால் கழுவி, ஈரத்துணியால் அந்தத் தோலை மெல்லப் பழைய இடத்திலேயே விரித்துப் படியவைத்து, ஒட்டாத கட்டுத்துணியை வைத்துத் தளர்வாகச் சுற்ற வேண்டும். முதியவர்களின் தோல் மெல்லிய காகிதம் போன்றது. அதில் நேரடியாகப் பிளாஸ்திரி ஒட்டினால், எடுக்கும்போது இன்னொரு காயம் உண்டாகும்.

எனக்குக் கவலை தருவது தலை வீக்கம். உங்கள் தந்தை வார்ஃபரின் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை உட்கொள்கிறாரா? அப்படியானால், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் தாமதமின்றி அவரை மருத்துவமனையில் காட்ட வேண்டும். மண்டைக்குள் கசியும் இரத்தம் பல மணி நேரம் கழித்தும் வெளிப்படலாம். இன்னும் ஒன்று கேட்கிறேன், தவறாக எண்ண வேண்டாம்: அவர் அந்த மாத்திரையை உட்கொள்கிறாரா இல்லையா என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா? அவருடைய நோய்கள், மருந்துகள், ஒவ்வாமைகள், மருத்துவரின் எண், உங்கள் எண், ஆம்புலன்ஸ் ஓட்டுநரிடம் சொல்ல வேண்டிய முழு முகவரி ஆகியவற்றை ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதி, எல்லோருக்கும் தெரிந்த ஓரிடத்தில் ஒட்டுங்கள். பதற்றத்தில் தினமும் வந்துபோகும் வீட்டின் முகவரிகூட மறந்துபோகும். மருந்து மாறும் அன்றே தாளும் மாற வேண்டும்.

கேள்வி: கொதிநீர் பட்டால் பற்பசை தடவலாமா?

பதில்: கூடாது. வெண்ணெயும் பனிக்கட்டியும் அப்படியே. குழாய் நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். வீங்குவதற்கு முன் மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். பிறகு ஒட்டாத சுத்தமான துணியால் மூடுங்கள். முதியவரைக் குளிர்விக்கும்போது அவரது மற்ற உடற்பகுதிகள் கதகதப்பாக இருக்கட்டும்.

கேள்வி: இன்சுலின் போட்டுவிட்ட ஊசி என் விரலில் குத்திவிட்டது. வெளியே சொன்னால் வேலை போய்விடுமோ என்று அஞ்சி, யாரிடமும் சொல்லவில்லை.

பதில்: உங்கள் அச்சம் புரிகிறது, ஆயினும் இன்றே சொல்லுங்கள். இப்படிக் குத்தியவுடன் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவ வேண்டும். விரலைப் பிழியவோ வாயில் வைத்து உறிஞ்சவோ கூடாது. ஹெச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்து தேவை என்று மருத்துவர் முடிவு செய்தால், அதை முடிந்தவரை சில மணி நேரத்திலேயே, மிஞ்சினால் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அந்தக் கெடு தாண்டியிருந்தாலும் இரத்தப் பரிசோதனைக்குச் செல்லுங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை இப்பணியில் சேரும் ஒவ்வொருவரும் முன்பே போட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதற்கான செலவை நிறுவனம் ஏற்பதே நியாயம். ஊசிக்கு மறுபடி மூடி போடாமல், குத்தினாலும் துளைக்காத கெட்டியான டப்பாவில் உடனே போட்டுவிடுங்கள். காயத்தைச் சொன்னவரைத் தண்டிக்கும் நிறுவனத்தில், அடுத்த காயத்தை எவரும் சொல்லமாட்டார் என்பதை நிர்வாகிகளும் இங்கே படித்துக்கொள்ளட்டும்.

கேள்வி: நான் சக்கர நாற்காலியில் இருப்பவள். என்னைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு வலிப்பு நோய் உண்டு என்று அண்மையில்தான் சொன்னாள். நாங்கள் இருவர் மட்டுமே இருக்கும்போது அவளுக்கு ஏதேனும் ஆனால் நான் என்ன செய்ய முடியும்?

பதில்: அம்மா, இந்தக் கேள்வியை ஒரு பயிற்சி வகுப்பிலும் நான் கேட்டதில்லை. பணியாளருக்கு உதவி தேவைப்படும் நேரத்தில் அருகில் இருக்கும் ஒரே ஆள் நீங்கள்தான். ஆகவே ஏற்பாட்டில் உங்களுக்கும் பங்கு உண்டு.

அலைபேசி எப்போதும் உங்கள் மடியிலோ, கழுத்தில் மாட்டிய பையிலோ இருக்கட்டும். வலிப்பு தொடங்கியதும் கடிகாரத்தைப் பாருங்கள். அவள் கைகால்களைப் பிடிக்கவோ வாயில் எதையும் வைக்கவோ வேண்டாம். எட்டும் தொலைவில் இருக்கும் கூர்மையான பொருட்களை நகர்த்துங்கள், உங்கள் நாற்காலியையும் சற்றுப் பின்னே தள்ளிக்கொள்ளுங்கள். முடிந்தால் ஒரு தலையணையை அவள் தலைக்கு அருகில் போடுங்கள். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, ஒன்று முடிந்து நினைவு திரும்பும் முன் அடுத்தது வந்தாலோ, தலையில் அடிபட்டிருந்தாலோ ஆம்புலன்ஸை அழைத்து, ஒலிபெருக்கியைப் போட்டு அலைபேசியை மடியில் வையுங்கள். மறுமுனையில் இருப்பவர் சொல்வதைக் கேட்டபடியே செயல்படலாம். வருபவர்கள் உள்ளே நுழைய வேண்டுமே, அதற்காக அடுத்த வீட்டாரிடம் ஒரு சாவி கொடுத்து வையுங்கள்.

அவள் சம்மதித்தால், அவளுடைய மருந்தின் பெயரையும் வீட்டாரின் எண்ணையும் உங்கள் தாளுக்குப் பக்கத்திலேயே இன்னொரு தாளில் எழுதி ஒட்டுங்கள். பிறகு ஒருநாள் அவளைத் தரையில் படுக்கச் சொல்லி, நீங்கள் நாற்காலியில் இருந்தபடியே இவை அனைத்தையும் செய்து பாருங்கள். எந்த மேசை வழியை அடைக்கிறது, தலையணை எட்டுகிறதா என்பது அப்போது தெரிந்துவிடும்.