ஜப்பானியக் கணினி ஆய்வகத்தில் வாராந்திர ஜெமி எப்படி நடக்கும்? அதற்கு எப்படித் தயாராவது?

ஜப்பானில் கணினி அறிவியல் முதுகலை சேரப்போவதாகவும், ஆய்வகத்தில் வாராவாரம் நடக்கும் கூட்டத்தை நினைத்தால் பயமாக இருப்பதாகவும் கேட்டிருக்கிறீர்கள். அங்கே முதுகலையும் முனைவர் பட்டமும் முடித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

அங்கே உங்கள் உண்மையான படிப்பே இந்தக் கூட்டம்தான். பாட வகுப்புகள் பெரும்பாலும் முதல் வருடத்தோடு ஓய்ந்துவிடும். செமினாரைச் சுருக்கி ஜெமி என்பார்கள். அது ஆய்வேடு கொடுக்கும்வரை விடாது. இளநிலை நான்காம் ஆண்டு மாணவர் பி4, முதுகலை எம்1, எம்2, முனைவர் மாணவர் டி1 முதல் டி3 வரை. இத்தனை பேரும் சென்சேயோடு, அதாவது பேராசிரியரோடு, ஒரே மேசையைச் சுற்றி உட்காருவார்கள். நம் ஊரில் இளநிலை மாணவரும் முனைவர் மாணவரும் ஒரே அறையில் ஒரே வேலையைப் பற்றிப் பேசுவது அரிது. அங்கே அது வாராந்திர வழக்கம்.

ஜெமியில் முக்கியமாக இரண்டு நடக்கும். ஒன்று முன்னேற்ற அறிக்கை. முறை வைத்து ஒவ்வொருவரும் தன் ஆய்வு எதுவரை வந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். புதிதாகப் போகிறவர்கள், நல்ல முடிவு கையில் இருந்தால்தான் பேச முடியும் என்று நினைத்துக்கொண்டு, முடிவு வராத வாரத்தில் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள். வேலை எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறதோ அதைக் கொண்டுபோய் வைக்கத்தான் அந்த இடமே இருக்கிறது. பிழை குறையாமல் படுத்தே கிடக்கும் வரைபடம், பேப்பரில் சொன்ன எண்ணை எட்டாத மறுபரிசோதனை, இவையெல்லாம் ஜெமிக்கு மிக நல்ல சரக்கு.

ஒன்று சொல்கிறேன். எங்கள் ஆய்வகத்தில் எம்2 சென்பாய் (மூத்த மாணவர்) ஒருவர், கையால் எழுதியதைக் கணினி படித்தறியும் வேலையில் மிக உயர்ந்த துல்லியம் காட்டினார். எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருந்தோம். சேர்ந்து சில வாரமே ஆன ஒரு பி4 மாணவி, "பயிற்சிக்கு எழுதிக் கொடுத்தவர்களே சோதனைத் தரவிலும் இருக்கிறார்களா?" என்று கேட்டார். இருந்தார்கள். பக்கங்களைக் கலைத்துப் பிரித்திருந்தாரே தவிர, ஆட்களைப் பிரிக்கவில்லை. அதனால் பயிற்சியில் பார்த்துப் பழகிய ஆட்களின் எழுத்தையே கணினி சோதனையிலும் பார்த்தது. ஆட்கள் வாரியாகப் பிரித்து ஓட்டியபோது துல்லியம் சட்டென்று இறங்கியது. சென்பாய் முகம் சுளிக்கவில்லை. அந்த மாணவிக்கு நன்றி சொன்னார். மாநாட்டில் நடுவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஆய்வகத்துக்குள்ளேயே வந்துவிட்டது. அதனால்தான், ஜப்பானிய மொழி தடுமாறினாலும், கேள்வி சின்னதாகத் தோன்றினாலும் வாயைத் திறந்து கேளுங்கள் என்கிறேன். சில ஆய்வகங்களில் ஆளுக்கொரு கேள்வி கேட்டே ஆக வேண்டும் என்ற விதியே உண்டு.

இரண்டாவது ரின்கோ. ஒரு புத்தகத்தைப் பிரித்துக்கொண்டு, அவரவர் பகுதியை மற்றவர்களுக்கு நடத்துவது. இயந்திரக் கற்றல் ஆய்வகங்களில் பிஷப் 2006-ல் வெளியிட்ட 'பேட்டர்ன் ரெகக்னிஷன் அண்ட் மெஷின் லேர்னிங்' இதற்குப் பேர்போனது. ஜப்பானிய மொழிபெயர்ப்பு இரண்டு பாகமாக வந்திருக்கிறது. நூலில் ஒரு சமன்பாட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே நாலு படி விடுபட்டிருக்கும். அந்த நாலையும் வெள்ளைப் பலகையில் எழுதிக்காட்டுவது உங்கள் பொறுப்பு. "இது எப்படி வந்தது?" என்று யாராவது நிறுத்துவார்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் போனாலும் பரவாயில்லை.

இப்படி மெதுவாகச் சேர்ந்து படிப்பதற்குப் பெரிய முன்னோடி ஒருவர் உண்டு. நெதர்லாந்தைச் சேர்ந்த கணினி அறிவியலாளர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1973-ல் பரோஸ் என்ற கணினி நிறுவனத்தில் சேர்ந்த பின்பும், வாரம் ஒருநாள் அந்நாட்டின் ஐந்தோவன் பல்கலைக்கழகத்துக்கு வந்துகொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை பிற்பகல் சக ஆய்வாளர்களோடு உட்கார்ந்து ஒரு கட்டுரையை எடுத்து, குறியீடு, அமைப்பு, மொழி, உள்ளடக்கம் என்று எதையும் விடாமல் அலசுவார். அந்தக் குழுவுக்குச் செவ்வாய்ப் பிற்பகல் மன்றம் என்றே பெயர். 1984-ல் அவர் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனதும் அங்கேயும் ஒரு கிளை தொடங்கியது. பேப்பரின் சுருக்கத்தை மட்டும் ஸ்லைடில் ஒட்டி இருபது நிமிடத்தில் முடிக்கும் செமினார்களில் எனக்குக் கொஞ்சமும் மதிப்பில்லை.

ஆண்டிறுதியில் ஜெமி ஒத்திகை மேடையாக மாறும். பிப்ரவரியில் ஆய்வேட்டு உரை, மார்ச்சில் ஜப்பானின் தகவல் செயலாக்கச் சங்கத்தின் தேசிய மாநாடு என்று வரிசையாக வரும். அந்த மேடைகளில் நேரம் முடியப்போகிறது என்று மணி அடிப்பார்கள். ஆய்வகத்திலும் அதே மணியோடு பயிற்சி நடக்கும்.

குறையும் உண்டு. சில இடங்களில் ஜெமி நாலைந்து மணி நேரம் இழுக்கும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் யார் காதிலும் எதுவும் ஏறாது என்பது என் கருத்து. அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஹிக்ஸ், ஜெஃப்ரி ஃபாஸ்டர் என்ற இரு பேராசிரியர்கள் வேறு வழி கண்டார்கள். மென்பொருள் குழுக்களின் ஸ்க்ரம் முறையை ஆய்வுக்கு ஏற்றபடி மாற்றி, 2010-ல் அதைப் பற்றி எழுதினார்கள். வாரத்தில் சில முறை எல்லோரும் சேர்ந்து சுருக்கமாக நிலவரம் சொல்வது. ஆழமாகப் பேச வேண்டியது வந்தால் தேவைப்படுகிறவர்கள் மட்டும் தனியே கூடுவது. பெரிய ஆய்வகங்கள் இதைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் முறை வரும்போது முதல் ஸ்லைடில் ஆய்வுக் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். போன தடவை சொன்னது யாருக்கும் நினைவிருக்காது. அடுத்து, செய்வதாகச் சொன்னதையும் செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கடைசி ஸ்லைடில் "நன்றி" என்று போடாமல், அந்த அறையிடம் நீங்கள் கேட்க விரும்பும் ஒரு கேள்வியைப் போடுங்கள். கோப்பை முந்தைய நாள் மாலையே அனுப்பிவிட்டால், மொழிச் சிக்கல் இருந்தாலும் படித்துவிட்டு வருவார்கள்.

ஆய்வகத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்பே அங்கிருக்கும் மாணவர்களிடம் மூன்று விஷயம் விசாரியுங்கள்: ஜெமி எந்த மொழியில், எவ்வளவு நேரம், அதில் பி4 மாணவர்கள் வாய் திறக்கிறார்களா.