ஷவருக்கு மேலே ஸ்கைலைட்: ஃபிலிம் ஒட்டாதீர்கள், நிழலை வெளியே கட்டுங்கள்

கேள்வி: பழைய டிராவலர் வேன் ஒன்றை வாங்கி, குடும்பத்தோடு தங்கிப் பயணம் போக கேம்பர் வேனாக மாற்றியிருக்கிறோம். பின்பக்கம் சின்னக் குளியலறை. ஷவருக்கு நேர் மேலே 14-க்கு 22 அங்குலத்தில் ஒரு ஸ்கைலைட், அதாவது கூரை ஜன்னல். மேலே குவிந்த பிளாஸ்டிக் மூடி (டோம்), திறக்க முடியாது. பகலில் உள்ளே நிற்க முடியாத அளவு சூடு. கன்னியாகுமரியில் லாட்ஜ்களுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் மாடியில் இருப்பவர்களுக்கு உள்ளே தெரியுமோ என்று வீட்டுப் பெண்கள் இரவில் குளிக்கத் தயங்குகிறார்கள். கார் கடையில் கறுப்பு கூலிங் ஃபிலிம் ஒட்டித் தருகிறேன் என்கிறார்கள். ஒட்டலாமா? அல்லது உள்பக்கம் வெள்ளி நிற ஃபாயில் ஷீட் வைத்து அடைத்துவிடலாமா?
– வாசகர், திருவட்டாறு

பதில்: ஃபிலிம் ஒட்ட வேண்டாம். ஃபாயிலை டோமோடு சேர்த்து அடைக்கவும் வேண்டாம். உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனித் தொல்லைகள், ஒன்று வெயில், இன்னொன்று அடுத்தவர் பார்வை. வெயிலை டோமுக்கு வெளியே தடுக்க வேண்டும், பார்வையை உள்ளே தடுக்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பொருளை டோமில் ஒட்டப் போகும்போதுதான் டோம் கெட்டுப்போகிறது.

முதலில் வெயில். கன்னியாகுமரி மாவட்டம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8 பாகை சொச்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்துவிடும். ஜூன் மாதத்தில்கூட உச்சியிலிருந்து 15 பாகைதான் வடக்கே சாய்ந்திருக்கும். பக்கத்து ஜன்னலுக்குக் கூரை நிழல் கிடைக்கும், ஸ்கைலைட்டுக்கு எந்த நிழலும் கிடையாது. தெளிவான நண்பகலில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1000 வாட் வெயில் விழுகிறது. உங்கள் டோமின் பரப்பு 0.2 சதுர மீட்டர் வரும். அதாவது பழைய 100 வாட் குண்டு பல்பு இரண்டை அந்தச் சின்ன அறைக்குள் எரியவிட்ட மாதிரி. கதவைச் சாத்தினால் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. வெயிலும் குளிரும் மாறிமாறி வரும் வெளிநாடுகளில் வெளிச்சத்துக்காகவும், ஷவரில் நிற்பவருக்குத் தலை இடிக்காமல் இருக்கவும் வைக்கும் அமைப்பு இது. நம் ஊர் வெயிலுக்கு அதை அப்படியே விட முடியாது.

சரி, ஃபிலிம் ஏன் கூடாது? கடைக்காரர் ஒட்டிப் பழகியது கண்ணாடியில். உங்கள் கூரையில் இருப்பது அக்ரிலிக் அல்லது பாலிகார்பனேட். இந்த பிளாஸ்டிக்குகள் வெயிலில் சூடாகும்போது உள்ளிருந்து மிக நுண்ணிய அளவில் வாயுவை வெளிவிடும். ஃபிலிமுக்கு அடியில் அது வெளியேற வழியில்லாமல் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். அடுத்தது விரிவு. விடியற்காலையில் 25 டிகிரியில் இருக்கும் அக்ரிலிக், மதியம் 65 டிகிரிக்குப் போனால் 22 அங்குல நீளத்தில் ஒன்றரை மில்லிமீட்டருக்கும் மேல் நீளும். அதைப் பிடித்திருக்கும் இரும்புக் கூரை அதே சூட்டில் கால் மில்லிமீட்டர்தான் நீளும். இந்த இழுபறியைத்தான் திருகாணிகள் தினமும் தாங்குகின்றன. கறுப்பு ஃபிலிம் வெயிலைத் தானே குடித்துக்கொண்டு டோமை இன்னும் சூடாக்கும், இழுபறி கூடும். டோம் இரண்டு பக்கமும் வளைந்தது என்பதால் சுருக்கம் இல்லாமல் ஒட்டுவதும் நடக்காத காரியம். ஒட்டியதைப் பிறகு உரித்தால் பசை டோமிலேயே நிற்கும். அந்தப் பசையை எடுக்கத் தின்னர் தொட்டால் டோம் அன்றோடு சரி.

ஒருவேளை டோமுக்குக் கீழே, உள்கூரை மட்டத்தில், தட்டையான நிஜக் கண்ணாடி தனியாகப் பொருத்தியிருந்தால் அதில் ஃபிலிம் ஒட்டலாம். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கண்ணாடி 'கிண்' என்று ஒலிக்கும், தொட்டால் சில்லென்று இருக்கும். பிளாஸ்டிக் மந்தமாக ஒலிக்கும்.

ஃபாயில் ஷீட்டைப் பற்றி. தகரக் கூரைக்கு அடியில் போடுகிற அந்தக் குமிழி ஷீட் நல்ல பொருள்தான், ஆனால் டோமுக்குள்ளே இறுக்கி அடைத்தால் வெயில் முதலில் டோமைக் கடந்து உள்ளே வரும், ஃபாயிலில் பட்டுத் திரும்பி மறுபடியும் டோமைக் கடக்கும். நடுவில் அடைபட்ட காற்று கொதிக்கும். குளியலறை கொஞ்சம் குளிர்ந்த மாதிரி தெரியும், டோமோ நாளெல்லாம் வேகும். சில மாதத்தில் திருகாணி ஓட்டைகளைச் சுற்றி முடி கனத்தில் வெள்ளை வெடிப்புக் கோடுகள் ஓடியிருக்கும். உள்ளே திரை கட்டினாலும் இதே கதைதான், வெயில் டோமைத் தாண்டி வந்த பிறகு அதைத் தடுப்பதில் பாதிப் பலன்கூடக் கிடைக்காது.

ஆகவே நிழலை வெளியே கட்டுங்கள். டிராவலர் வேன்களில் பெரும்பாலும் கூரையில் லக்கேஜ் கேரியர் இருக்கும். உங்களுடையதில் இருந்தால் வேலை பாதி முடிந்தது. நாற்றுப் பண்ணைகளில் கட்டும் நிழல்வலையை வாங்குங்கள். 75 சதவீதம் நிழல் தரும் வலை போதும், வெளிச்சமும் கொஞ்சம் வரும். வெள்ளை வலை கிடைத்தால் பச்சையைவிட நல்லது. டோமைவிட நாலு பக்கமும் ஒரு அடி கூடுதலாக வெட்டி, ஓரத்தை இரண்டாக மடித்து, சீட் கவர் தைக்கும் கடையில் பாலியஸ்டர் நூலால் தைத்து, அரை அடிக்கு ஒரு ஐலெட் (கயிறு நுழைக்கும் உலோக வளையம்) போட்டுத் தரச் சொல்லுங்கள். பருத்தி நூல் வேண்டாம், வெயிலிலும் மழையிலும் இற்றுவிடும். கேரியர் கம்பிகளுக்கு நடுவே, டோமுக்கு மேலே குறைந்தது இரண்டு அங்குலம் இடைவெளி விட்டு இழுத்துக் கட்டுங்கள். அந்த இடைவெளியில் ஓடும் காற்றுதான் வலை குடித்த சூட்டை எடுத்துக்கொண்டு போகும். இடைவெளி இல்லாமல் டோமின் மேல் படிய விட்டால் பாதி பலன் போய்விடும், வலை உரசி டோமும் மங்கிப்போகும்.

வலைக்குப் பதிலாக ஃப்ளெக்ஸ் பேனரோ பிவிசி தார்ப்பாயோ போட்டால் என்ன என்று கேட்பீர்கள். பின்பக்கம் கறுப்பான பிளாக் பேக் ஃப்ளெக்ஸ் வெளிச்சத்தை முழுக்க மறைக்கும், விலையும் குறைவு. ஆனால் வளைகிற பிவிசி எதிலும் அதை மிருதுவாக்க எண்ணெய் போன்ற ஒரு ரசாயனம் கலந்திருக்கும். சூட்டில் அது கசிந்து அக்ரிலிக்கிலும் பாலிகார்பனேட்டிலும் ஏறினால் வெடிப்பு விடும். தொடாமல் உயரத்தில் கட்டினால் பரவாயில்லை, டோமின் மேல் விரித்துப் போடக் கூடாது. நிழல்வலையில் அந்தத் தொந்தரவு கிடையாது.

காற்றை நினைத்துக் கட்ட வேண்டும். திருநெல்வேலிப் பக்கம் போகும்போது ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்தாக வேண்டும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமான காற்று அது. தென்மேற்குப் பருவத்தில் நிற்கிற வேனில்கூட தளர்வாகக் கட்டிய வலை படபடத்துக் கிழியும். ஓடும்போது வலையைக் கழற்றி உள்ளே வைத்துவிடுவதே நல்லது. வண்டியை நிறுத்தியதும் கட்டுவதற்கு எலாஸ்டிக் கயிறும் கொக்கியும் போட்டுக்கொண்டால் இரண்டு நிமிட வேலை. முட்டம், குளச்சல் என்று கடலோரமாகவே சுற்றுவீர்கள் என்றால் கொக்கிகளை 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்குங்கள். சாதா இரும்பு உப்புக்காற்றில் துருப்பிடித்து, துருத்தண்ணீர் டோமின் மேல் வழியும்.

மரநிழலில் நிறுத்தினால் போதாதா என்று தோன்றும். போதும்தான், ஆனால் மரத்தைப் பார்த்து நிறுத்துங்கள். நம் மாவட்டத்தில் எங்கே நிறுத்தினாலும் பக்கத்தில் ஒரு தென்னை நிற்கும். ஒரு தேங்காயோ காய்ந்த மட்டையோ டோமில் விழுந்தால் அக்ரிலிக் தாங்காது. உங்கள் ஊர்ப்பக்கம் ரப்பர் தோட்ட நிழல் அருமையாக இருக்கும், ஆனால் ஜனவரி, பிப்ரவரியில் ரப்பர் இலை உதிர்த்து வெறுங்கொம்பாக நிற்கும் நாட்களில் அந்த நிழல் இருக்காது.

இனி பார்வை. பகலில் வெளியே வெளிச்சம் அதிகம் என்பதால் உள்ளே இருப்பது மாடியிலிருந்து அவ்வளவாகத் தெரியாது. இரவில் உள்ளே விளக்கைப் போட்டதும் நிலைமை தலைகீழாகிவிடும். கண்ணாடி போல மினுங்கும் ஃபிலிம் ஒட்டினால் உள்ளே தெரியாது என்று சிலர் சொல்வார்கள். எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ அந்தப் பக்கம் இருப்பவருக்குத்தான் அது கண்ணாடி. இரவில் வெளிச்சம் குளியலறையில். அப்போது உள்ளே இருப்பவர் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார், மாடியில் இருப்பவருக்கு உள்ளே தெரியும். உங்கள் வீட்டுப் பெண்கள் பயந்தது நியாயம், அதை இந்த ஃபிலிமை நம்பி விடாதீர்கள்.

இதற்கு நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ கடைப் பெயர்ப்பலகை செய்யும் இடத்துக்குப் போங்கள். விளக்குப் பலகைகளுக்குப் போடுகிற பால் நிற அக்ரிலிக், 3 மில்லிமீட்டர் கனத்தில் கேட்டு, உங்கள் அளவுக்கு வெட்டி வாங்குங்கள். உள்கூரை மட்டத்தில் அதைப் பொருத்தினால் பகலில் வெளிச்சம் மெத்தென்று பரவும், மேலிருந்து பார்த்தால் எதுவும் உருவமாகத் தெரியாது. அளவில் நாலு பக்கமும் 2 மில்லிமீட்டர் குறைத்தே வெட்டச் சொல்லுங்கள். 4 மில்லிமீட்டர் திருகாணிக்கு 6 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு, ரப்பர் வாஷர் வைத்து, கையால் ஷீட்டை அசைத்தால் அசையும் அளவுக்கு மட்டும் முடுக்குங்கள். அழுத்தி முடுக்கினால் ஓட்டையிலிருந்தே வெடிக்கும்.

இதில் ஒரு இடைஞ்சல், உயரம். டோம் கொடுத்த தலையிடத்தை இந்த ஷீட் பறித்துவிடும். வீட்டில் உயரமான ஆள் இருந்தால் நிரந்தரமாகப் பொருத்தாமல், சுற்றிலும் சின்ன எல் வடிவ அலுமினியப் பட்டை அடித்து, உள்ளே நழுவவிட்டு எடுக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். பால் நிறத்திலும், ஆள் ஷீட்டுக்கு மிக அருகே நின்றால் நிழலாக அசைவது தெரியும். அதுவும் வேண்டாம் என்றால் அதே பட்டையில் இரவுக்கு மட்டும் ஒரு சன்போர்டு (லேசான பிளாஸ்டிக் நுரைப் பலகை) துண்டை நுழைத்துவிடுங்கள். அதே பெயர்ப்பலகைக் கடையில் கிடைக்கும், தண்ணீரில் ஊறாது, வெளிச்சம் துளிகூட வெளியே தெரியாது. பகல் வெயிலில் அதை அங்கேயே விட்டால் வளைந்துபோகும், காலையில் எடுத்துவிட வேண்டும்.

உள்ளே எதைப் பொருத்தினாலும் அதற்கும் டோமுக்கும் நடுவில் நீராவி போய் அடையும். நம் ஊர் ஈரக் காற்றில் ஒரு மழைக்காலம் போதும், கரும்பூஞ்சை பிடிக்க. குளித்து முடித்ததும் ஷீட்டை ஒரு பக்கம் நகர்த்தி, எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். இல்லையென்றால் ஒரு சின்ன 12 வோல்ட் ஃபேன் வைப்பது இந்த வேலைகளோடு சேர்த்துச் செய்ய வேண்டியது. நிழல் கட்டியும் புழுக்கம் குறையாத குளியலறைக்குத் தேவை காற்றுதான்.

டோமைத் துடைக்கும் முறையும் முக்கியம். கடலோரம் இரண்டு நாள் நின்றால் மேலே உப்பும் மணலும் படியும். காய்ந்த துணியால் துடைத்தால் அந்த மணலே கீறிவிடும். முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றி ஓடவிட்டு, பிறகு சோப்புத் தண்ணீரும் பஞ்சுத் துணியும். அம்மோனியா கலந்த கண்ணாடி துடைப்பான், தின்னர், பெட்ரோல், மண்ணெண்ணெய் எதுவும் கூடாது. வெயில் குறையச் சுண்ணாம்பு அடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், சுண்ணாம்பின் காரம் பாலிகார்பனேட்டை அரிக்கும். நிறம் ஏற்றும் டிண்ட் ஸ்ப்ரேயும் வேண்டாம், அதில் இருக்கும் கரைப்பான் பட்டால் அக்ரிலிக்கில் வெடிப்பு விடும்.

வலை வாங்கப் போவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ஏணியில் ஏறி டோமின் விளிம்பையும் ஒவ்வொரு திருகாணியையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். முடிக்கோடுகள் தெரிந்தாலோ, பிளாஸ்டிக் மஞ்சளாகி நகத்தால் சுரண்டினால் பொடி உதிர்ந்தாலோ, முதலில் டோமையே மாற்றுங்கள். பாலிகார்பனேட்டில் மாற்றினால், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு உள்ள பக்கம் வெளியே இருக்க வேண்டும், ஷீட்டின் மேல் ஒட்டியிருக்கும் தாளில் எந்தப் பக்கம் என்று எழுதியிருக்கும். அடைக்க புளித்த காடி வாடை அடிக்கும் சிலிக்கான் வேண்டாம், இரும்பை அரிக்கும். நியூட்ரல் சிலிக்கான் என்று கேட்டு வாங்குங்கள். நம் மாவட்டத்துக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. இரண்டு பருவத்துக்கும் முன்னால், வலையைக் கழற்றிவிட்டு சிலிக்கான் அடைத்த இடத்தைப் பாருங்கள், மூடியே கிடந்தால் கசிவு தெரியாமல் உள்கூரை ஊறிவிடும்.

சட்டம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மோட்டார் வாகன விதி 100, முன், பின் கண்ணாடி வழியே 70 சதவீதமும் பக்கக் கண்ணாடி வழியே 50 சதவீதமும் வெளிச்சம் வர வேண்டும் என்கிறது. கூரை ஜன்னலுக்கு அந்த விதி அளவு எதையும் சொல்லவில்லை. ஆனால் கேரியருக்கு மேலே நிரந்தரமாக ஃபிரேம் வெல்டிங் செய்து உயரத்தைக் கூட்டினால் அது வண்டியை மாற்றியமைத்த கணக்கில் வரும். அதற்கு முன் உங்கள் மார்த்தாண்டம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கயிற்றில் கட்டி அவிழ்க்கிற வலைக்கு இந்தப் பேச்சே இல்லை.